வலது கையில் நான்கு சிவப்புப் பட்டைகள்

ஒருவரைப் பழிவாங்குவதற்காக மூன்று மாதம் பழைய ராணுவச் சட்டைகளைப் பற்றிப் படித்த முட்டாள் நான்தான்.

மெல்பர்ன் சந்தை ஒன்றில் பிரிட்டிஷ் ராணுவச் சட்டை வாங்கி, மணிக்கட்டுக்கு மேலே இருந்த பட்டைகளைக் காட்டி, இது சார்ஜென்ட் சட்டை என்று நண்பர்களிடம் அளந்தேன். "சார்ஜென்ட் பட்டை மேற்கையில எல்லோ இருக்கும், தம்பி," என்று நோபிள் பார்க் பகுதியில் இருக்கும் சிவம் அண்ணன் எல்லோர் முன்னாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவே இல்லை.

அவர் வீட்டு விருந்தில் வாய்ப்பு வந்தது. அவருடைய மாமியாரின் அப்பா இரண்டாம் உலகப் போரில் போட்ட பிரிட்டிஷ் ராணுவச் சட்டை சுவரில் தொங்கியது. வலது முன்கையில் நான்கு சிவப்புப் பட்டைகள்; இடது கையில் எதுவும் இல்லை.

"அப்பா எகிப்தில நாலு தரம் காயப்பட்டவர். அதாலதான் வீட்டுக்குக் கடிதம் போட ஏலாமப் போச்சு," என்றார் மாமியார். அண்ணனும் தலையாட்டினார்.

மாட்டினார் என்று குதித்தேன். "இல்லைங்க ஆன்ட்டி. காயம் பட்டா இடது கையில தங்கக் கோடு இருக்கும். இது போர்க்காலத்துல ராணுவத்துல இருந்த வருஷத்துக்கு ஒண்ணு. அவருக்குக் காயமே பட்டிருக்காது," என்று அண்ணனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அண்ணனின் முகம் மாறவில்லை. மாமியார்தான் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப சுகமா இருந்துகொண்டோ எங்களுக்கு ஒரு கடிதமும் போடாம விட்டவர்?"

தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்த அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பட்டை என்னண்டு எனக்குத் தெரியாமலோ சும்மா இருந்தனான்? இனி இஞ்ச வராதையும்."