தாத்தாவுக்கு அனுப்பிய நாய்

1962 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகால். குடையை விரிப்பதா மடக்குவதா என்று முடிவெடுக்க விடாத தூறல். அன்று கல்லறைத் திருநாள். கோச்சடையிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போனோம்: அம்மா, மாமா, ஒன்பது வயது நான், இரண்டு குடை, பன்னிரண்டு மெழுகுவர்த்தி. தீப்பெட்டி நனைந்துவிடும் என்று நான் இரண்டு முறை எச்சரித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. நனைந்தது.

நான் தூக்கி வந்த பூப்பையின் அடியில் ஒரு நாய் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செம்மண் நிறத்தில், தொப்பை சரிந்த, ஒரு சாண் உயர மண் நாய். மாமா மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியார். ஊர் திரும்பிய வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் அந்த நாயைப் பள்ளிக்கு விட்டுப்போயிருந்தார். திங்கட்கிழமை கண்காட்சிக்காக மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தார். துடைத்துக்கொண்டே கதை சொன்னார்: மெக்சிகோ நாட்டில் அந்தக் காலத்தில் இறந்தவர்களோடு இப்படியொரு மண் நாயையும் புதைப்பார்களாம், செத்தவர் ஒரு பெரிய ஆற்றைக் கடக்க வேண்டுமாம், நாய்தான் முன்னால் நீந்தி அக்கரை சேர்க்குமாம். இது அந்தப் பழைய நாய்களைப் பார்த்துச் செய்த நகல்தான் என்றும் சொன்னார். நகலுக்கு நீந்தத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை.

நான் கணக்குப் போட்டேன். அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்பாவான என் தாத்தா இறந்து தொண்ணூற்றிரண்டு நாள். நீச்சல் தெரியாதவர். நாயில்லாமல் அனுப்பியிருக்கிறோம். அப்படியானால் இக்கரையில்தான் நிற்கிறார், அதுவும் மழையில்.

தாத்தாவின் கல்லறை சிமெண்ட் பூசாத மண்மேடு. அம்மா சிலுவையைத் தேய்க்க, மாமா தண்ணீர் எடுக்கப் போக, கைகளால் தோண்டி நாயை உள்ளே வைத்து மூடினேன். வேலை சுத்தமாக முடிந்ததாகவே நினைத்தேன். ஆனால் திரும்பி வந்த மாமா ஊன்றிய ஏழாவது மெழுகுவர்த்தி மண்ணில் இறங்கவில்லை. விரலால் கிளறினார். ஒரு காது தெரிந்தது. நாய் முழுதாக வெளியே வந்தது.

அம்மா என் காதைப் பிடித்தாள். மாமா கையில் நாயோடு, ஏன் செய்தாய் என்று மட்டும் கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தாத்தா இன்னும் இக்கரையிலதான் நிக்கிறாரா மாமா?"

மாமா நாயின் காதில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"இம்புட்டு நேரம் நின்னிருப்பாரு மாப்ள. நாயின்னா ஒந்தாத்தாவுக்கு அம்புட்டுப் பயம். தெருவுல நாய் வந்தா வேட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுவாரு. நீ அனுப்புன நாயப் பாத்ததும் ஒரே ஓட்டமா ஓடி இந்நேரம் அக்கரையில மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் காதை விட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணீரும் வந்தது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம். தாத்தா இறந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பது என் கணக்கில் வரவில்லை.

மாமா நாயைத் திரும்ப அதே குழியில் வைத்தார். மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் மூன்று முறை தட்டினார்.

"பள்ளிக்கூடத்துல கேப்பாங்களேடா தம்பி," என்றாள் அம்மா.

"கேக்கட்டும்க்கா. வா, போவோம்."

தலைமையாசிரியரிடம் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை கண்காட்சி மேசையில் ஓரிடம் காலியாக இருந்தது. அங்கே வேறு பொருள் வைக்க மறந்துவிட்டார், மாமா மறதிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து, அவரும் இறந்த பிறகு, அவருடைய பழைய சம்பளச் சீட்டுகளைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. 'மண் பொம்மை வகையில் பிடித்தம்', மாதம் ஐந்து ரூபாய், ஏழு மாதம். ஆக முப்பத்தைந்து ரூபாய்.