தண்ணீர் குடிக்காத மலர்க்கொடி

என் மகள் பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நேற்று ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தாள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அதன்மேல் கோடு போட்டிருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். எதையும் முகர்ந்து பார்ப்பது என் கெட்ட பழக்கம், சிரிக்காதீர்கள். அந்தப் புது பிளாஸ்டிக் வாடை என்னை நேரே ஸ்ரீரங்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்காக நானும் மலர்க்கொடியும் ஒரே அறையில் தங்கிப் பயிற்சி எடுத்தோம். நான் முசிறிக்காரி, வாய்க்காலில் குதித்து வளர்ந்தவள். அவளுக்கு மருங்காபுரிப் பக்கம், மழையை நம்பிய காடு. "ஒரு கொடம் தண்ணிக்கு நாங்க நடக்கற தூரத்துக்கு இந்த ஓட்டமெல்லாம் ஒண்ணுமே இல்லடி" என்பாள். உண்மைதான். நான் மூச்சு வாங்கி ஒரு சுற்று முடிப்பதற்குள் அவள் என்னை இரண்டு முறை தாண்டிவிடுவாள்.

கொள்ளிடக் கரையோரம் இருந்தது மைதானம். விடிந்ததும் தொடங்கினால் வெயில் ஏறும்வரை ஓட்டம். கூட ஓடிய ஆண்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டு மதிலோரம் போய் வருவார்கள். எங்களுக்கு ஒதுங்க இடமே கிடையாது. அதனால் மலர்க்கொடி முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவாள். நான் நாக்கை நனைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

நடுவில் இரண்டு மாதம் நல்ல காலம். மைதானத்துக்கு எதிர்வீட்டு மாமி ஒருநாள் எங்கள் தவிப்பைப் பார்த்துவிட்டு, "கூச்சப்படாதேங்கோ, கொல்லைல இருக்கு, போயிட்டு வாங்கோ" என்றார். அந்த இரண்டு மாதமும் மலர்க்கொடி சொம்பு சொம்பாகக் குடித்தாள். முகமே தெளிந்துவிட்டது. பிறகு மாமி பெங்களூரில் இருக்கும் மகனோடு போய்விட்டார். வாசலில் பூட்டு தொங்கியது. இவள் பழையபடி தண்ணீரை நிறுத்தினாள்.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது நல்ல சித்திரை வெயிலில் ஓடிக்கொண்டே சரிந்து விழுந்தாள். பாட்டிலை வாயில் சரித்தேன். பல் கிட்டிக்கொண்டு தண்ணீர் முழுக்கக் கழுத்தில் வழிந்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் கிருமி, உடம்பில் நீரே இல்லை என்றார்கள்.

"ஓடுற பொண்ணு தண்ணி குடிக்க வேணாமா? ஏம்மா குடிக்கல?" என்று டாக்டர் கேட்டார். அவசரப் பிரிவு நிறைய ஆண்கள். கட்டில் பக்கத்தில், ஊரிலிருந்து வந்த அவள் அண்ணன் நின்றிருந்தார். மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். நானாவது சொல்லியிருக்கலாம்.

"மறந்துட்டேன் சார்" என்றாள்.

தேர்வன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பி நின்றாள். "வேணாம்டி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன்.

"அடுத்த தடவைக்கு எனக்கு வயசு தாண்டிடும். இப்பவே வீட்ல மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காங்க."

ஓடினாள். முதல் பாதியில் அவள்தான் முன்னால். கடைசி வளைவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓடுகளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி உள்ளே போகப் பார்த்தேன். "உன் நம்பர் வர்ற வரைக்கும் அங்கயே நில்லும்மா" என்று ஒரு பெண் காவலர் அதட்டினார். நின்றேன். எல்லோரும் அவளைத் தாண்டி ஓடி முடித்தார்கள். என் நம்பர் வந்தது, ஓடினேன், தேறியும்விட்டேன். அடுத்ததாகக் குண்டு எறியச் சொன்னார்கள். அது என் காலடியிலேயே விழுந்தது. அதோடு என் போலீஸ் உத்தியோகம் முடிந்தது.

மலர்க்கொடி ஊருக்குத் திரும்ப மணப்பாறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "போயிட்டு வரேன்டி" என்றாள். அவள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. கொஞ்ச நாள் போனில் பேசினோம். பிறகு அந்த எண்ணில் வேறு யாரோ எடுத்தார்கள்.

இப்போது மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். போன மாதம் அந்த வழியாகப் போனபோது, நாங்கள் ஓட்டத்தைத் தொடங்கிய இடம் எது என்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் சரியாகக் காட்டக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.