பெரிய டாக்டர் வாபஸ் வாங்காத வார்த்தை

எங்க சீஃப் போயிட்டார். நேத்து சாயங்காலம், மதுரையில. ஹார்ட் அட்டாக்காம்...

பேர் போடல. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு: நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப எங்க மெடிசின் யூனிட்டுக்குப் பெரியவர் அவர்தான். அந்த வருஷம் முழுக்க எங்க குடுமி அவர் கையில.

பேட்ச் வாட்ஸப் குரூப்ல காலையிலேருந்து மெழுகுவத்தி படமா வந்து விழுது. "புரொஃபஷனலிசம்னா என்னன்னு வாழ்ந்து காட்டிய மகான்..." பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வருது.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். அவர் ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல. யார்கிட்டயும் கை நீட்டினதில்ல. எங்களை நோயாளிங்க முன்னாடி திட்டவே மாட்டார்... ரூமுக்குக் கூப்பிட்டு, இங்கிலீஷ்லதான் திட்டுவார்.

பயிற்சி டாக்டருக்கு அது போதும். எங்களை மரியாதையா நடத்தினா அவர் புரொஃபஷனல். பெட்ல கிடக்கிறவங்களை எப்படி நடத்தினார்னு நாங்க யாரும் மார்க் போட்டதே இல்ல.

புரொஃபஷனலிசத்துக்குன்னே தனியா ஒரு கிளாஸும் எடுத்தார். அப்ரன், ஷூ, நகம், நேரம்... எல்லாத்துக்கும் ஸ்லைடு. வேற என்னன்னு அவர் கேட்டப்ப பின் பெஞ்சுலேருந்து ஒருத்தன், பேஷன்ட் பக்கத்துல உக்காந்து பேசுறது சார்னான்.

"அது நர்சுங்க வேலை"ன்னார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

அந்தப் பயதான் இன்னிக்கு குரூப்ல எல்லாரையும் விட நீளமா அழுதிருக்கான். நல்லா கத்துக்கிட்டான்.

ஒரு பொண்ணை அப்ரன்ல கறை இருக்குன்னு ரவுண்ட்ஸ்லேருந்து வெளிய அனுப்பினார். வாந்தி எடுத்த ஒரு பெரியவரை அவ தாங்கிப் பிடிச்சிருக்கா, அதுல பட்ட கறை. அப்புறம் எங்க பேட்ச்ல முக்காவாசிப் பேர் வாந்தி எடுக்கிறவங்களைக் கண்டா எட்ட நிக்கப் பழகிட்டாங்க. அப்ரன் வெள்ளையா இருந்துச்சு.

சரி, போடிப் பக்கம் தேவாரம்ங்கிற ஊர்லேருந்து வந்த ஒரு அக்கா விஷயத்துக்கு வர்றேன். பேர் சொல்ல மாட்டேன். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

போடிப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்ல... விடியறதுக்குள்ள ஜீப்புல மலையேறி, கேரளா பக்கம் ஏலத் தோட்டத்துல காய் எடுத்துட்டு, சாயங்காலம் இறங்குற பொம்பளைங்கள்ல அக்காவும் ஒருத்தங்க. அன்னிக்கு மேல் சரிவுல பூச்சிமருந்து அடிச்சுட்டிருக்கும்போதே கீழ இவங்களைக் காய் எடுக்க விட்டுட்டாங்க. தூறல் வேற. சேலை, ஜாக்கெட்டெல்லாம் மருந்துல ஊறிப்போச்சு.

வாயில நுரையோட ஜீப்புல கொண்டாந்து போட்டாங்க. நடந்ததை எல்லாம் கூட வேலை பாக்குற பொம்பளை என்கிட்ட சொன்னாங்க. துணியை மாத்தி, உடம்பைக் கழுவி, ஊசி போட்டோம். அக்கா அரை மயக்கத்துல உளறிட்டு இருந்தாங்க.

சீஃப் ரவுண்ட்ஸ் வந்தார். வார்டு வாசல்லயே நின்னு மூக்குல கர்ச்சீப்பை வச்சார். புருஷன், மாமியார், பக்கத்து பெட்டு ஆளுங்க எல்லாரும் நிக்கிறாங்க.

"என்ன, மருந்தக் குடிச்சிருச்சா? இந்த எஸ்டேட் பொம்பளைங்களுக்கு இதே பொழப்பு."

அவ்வளவுதான். பெட்டு கிட்டக்கூடப் போகல. அடுத்த வார்டுக்கு நடந்துட்டார்.

நான் பின்னாடியே ஓடி, குடிக்கல சார், மேல பட்டதுன்னு சொன்னேன். ரூமுக்குக் கூப்பிட்டார். வார்டு ஆளுங்க பாக்குற இடத்துல சீனியரை மறுத்துப் பேசுறது அன்புரொஃபஷனலாம். அக்காவைப் பத்தி ஒரு கேள்வி இல்ல.

கூட இருந்த ஹவுஸ் சர்ஜனுங்க எனக்குத்தான் அட்வைஸ் பண்ணாங்க. அவர் கையெழுத்து போட்டாத்தானே பயிற்சி முடிச்சு வெளிய போக முடியும், உனக்கெதுக்கு வம்புன்னு. இன்னிக்கு மெழுகுவத்தி ஏத்துறதும் இவங்கதான்.

புருஷன்கிட்ட நானே போய் எடுத்துச் சொன்னேன். அந்தாளு என்னை ஏற இறங்கப் பாத்தார்.

"பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. நீ படிக்கிற புள்ள, ஒனக்கென்ன ஆத்தா தெரியும்?"

அக்காவுக்கு நினைவு தெளிஞ்சதும் அந்தாளு கேட்ட மொதக் கேள்வி, எவனுக்காகக் குடிச்சேன்னுதான். அக்கா திருதிருன்னு முழிச்சாங்க. அவங்களுக்கு எதுவுமே புரியல.

ஆஸ்பத்திரியிலேருந்து அக்கா போனது அம்மா வீட்டுக்கு. கைக்குழந்தையா இருந்த மகளை மாமியார் வச்சுக்கிட்டாங்க. மருந்து குடிக்கிறவகிட்ட புள்ளைய விட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அந்தப் புள்ள இப்ப பள்ளிக்கூடம் போகுது... அம்மாவைப் பாத்தா ஒதுங்கிப் போகுதாம்.

இப்ப நான் போடியில கிளினிக் வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஜீப்பு மலைக்குப் போகாது, அன்னிக்கு அக்கா பிரஷர் பாக்க வருவாங்க. வர்றப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. அந்தப் பெரிய டாக்டர் வந்து, இவ குடிக்கலன்னு புருஷன் வீட்டுல தன் வாயால சொன்னா போதும், மகளை அனுப்பிருவாகன்னு.

சீஃப் வீட்டுக்கே போய்க் கேட்டேன். உக்கார வச்சுக் காபி கொடுத்தார். ரிட்டயர் ஆனவன் பழைய கேஸைப் பத்திப் பேசினா புரொஃபஷனலா இருக்காதும்மான்னு சிரிச்சார். மறுபடி ஒரு தடவை போனேன். அதே காபி, அதே சிரிப்பு.

நான் சீஃபை மன்னிக்கல. செத்ததுக்காக மன்னிக்கவும் போறதில்ல.

இன்னிக்கு ஞாயிறு. அக்கா வந்தாங்க. கையில பிரஷர் பட்டையைச் சுத்திட்டே விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இனி அவரு வந்து சொல்ல மாட்டாருல்ல, தாயி."

மாட்டாருக்கான்னேன்.

சாவுக்கு மதுரை போறோம், வர்றியான்னு பேட்ச் குரூப்ல கேக்குறாங்க. நான் வரலப்பா. நீங்க கிளம்புங்க.