பாசிர் ரிஸ் சேற்றில் தம்பி

பால் செம்போடு வந்தவன் அப்படியே நிற்கிறேன். நேற்று மட்டமாக இருந்த பாசிர் ரிஸ் கடற்கரைச் சேற்றில் இன்று சாண் உயரத்துக்கு ஒரு மேடு. அதன் மேல் எலும்புத் துண்டுகள். சிங்கப்பூரில் செத்துப்போன என் தம்பியின் அஸ்தி அது. நேற்று கடல் வற்றிக் கிடந்ததால், தண்ணீர் ஏறும்வரை காத்திருக்காமல் நான்தான் இங்கே புதைத்தேன்.

“எந்தப் பாவி இதைத் தோண்டினான்?” என்று பக்கத்தில் நண்டு பிடிக்கும் தமிழரிடம் கத்துகிறேன்.

“யாரும் தோண்டலீங்க. அடியில சேத்து இறால் இருக்கு, ஆழத்துச் சேத்தை மேல தள்ளிக்கிட்டே இருக்கும். இங்க எதைப் புதைச்சாலும் தங்காது. கடல்ல கரைச்சிருக்கணும்.”

அவர் சொல்லும்போதே மேடு அசைந்து ஒரு சேற்றுக் கட்டி உருண்டு விழுகிறது. பதறிப்போய் இரண்டு கையாலும் அள்ளுகிறேன். எது சேறு, எது தம்பி என்று தெரியவில்லை.