கோமதியின் முதல் டிகாக்ஷன்

உள்ளறையில் கிறீச், கிறீச்சென்று கேட்டுக்கொண்டிருந்த வறுப்பு உருளையின் சத்தம் சட்டென்று நின்றது.

கூடத்தில் நின்றிருந்த கோமதி உள்ளறைப் பக்கம் திரும்பினாள். கனலின் மேல் காப்பிக்கொட்டை இருக்கும்போது உருளை நிற்கவே கூடாது. நின்றால் ஒரு பக்கம் கரிந்துவிடும். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த மகள் பகவதி இது தெரியாதவள் அல்ல. ஆனால் கூடத்தில் பேசுவது யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா!

பட்டாபி சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பம்பாய்க்கு வேலைக்கென்று போனவன் பதினோரு வருஷம் கழித்து வலியசாலை அக்ரஹாரத்துப் பழைய வீட்டுக்குள், கடைக்குப் போய்த் திரும்பியவன் மாதிரி நுழைந்திருந்தான். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்ற சேதி வந்தபோது கோமதி அழுத அழுகை தெருவுக்கே தெரியும்.

அப்படிப்பட்டவனைக் கண்டதும் அவள் என்ன செய்தாள்? வெளியே போ என்றாளா? இல்லை. நேரே அடுக்களைக்குப் போனாள். ஃபில்டரில் இறங்கியிருந்த முதல் டிகாக்ஷன் முழுவதையும் ஊற்றி, பால் கலந்து, நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டாள். மனம் செய்யவில்லை, கை செய்துவிட்டது.

அக்ரஹாரத்து வீடுகளில் காப்பிக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் இறங்கும் கெட்டி டிகாக்ஷன் வீட்டு ஆண்பிள்ளைக்கு. அல்லது மரியாதைப்பட்ட விருந்தாளிக்கு. அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டு இறக்குவது பெண்களுக்கு. கல்யாணமான நாளிலிருந்து கோமதி குடித்தது அந்த இரண்டாவதைத்தான்.

பட்டாபிக்கு அது தெரியாதா? காப்பியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு சிரித்தான்.

"முதல் டிகாக்ஷன்! பாத்தியா கோமு, வாய் சொல்லாட்டாலும் கை சொல்லிடுத்து. இந்தாத்துல எனக்கு இடம் இருக்கு."

"அது கை மறந்து கொடுத்தது."

"மறக்கலைன்னு சொல்லு!" என்று தொடையைத் தட்டினான். பிறகு குரல் மாறியது. "வெள்ளிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம். உயிரோட இருக்கற அப்பன் நான். கன்னிகாதானத்துக்கு சுசீந்திரத்துலேந்து உன் அண்ணா வந்து உக்காரப் போறானாமே? நான் உக்காரறேன். ஆனா இந்தக் கொட்டை வறுக்கற பொழைப்பு இன்னியோட நிக்கணும். உருளையை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடு. பட்டாபி பொண்டாட்டி ஊருக்கெல்லாம் காப்பிப்பொடி இடிக்கறான்னா எனக்கு மானக்கேடு."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா வெள்ளிக்கிழமை பந்தல் நடுவுல வந்து நிப்பேன். அப்பன் சம்மதம் இல்லேம்பேன். சம்பந்தி என்ன பண்றார்னு பாத்துக்கோ."

உள்ளேயிருந்து புகை வாசனை வந்தது. கோமதி உள்ளே ஓடினாள்.

பகவதி உருளையருகே முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோமதி உருளையைக் கனலிலிருந்து இழுத்து, அதன் சின்னக் கதவைத் திறந்து, கொட்டையை முறத்தில் கொட்டினாள். பாதி பொன்பழுப்பு; பாதி கரி. அது பகவதியின் கல்யாணத்துக்கென்றே எடுத்து வைத்த வயநாட்டுக் கொட்டை.

"அம்மா, எனக்குப் பேடியா, பயமா இருக்கு. கல்யாணம் முடங்குமோ?"

"பேசாம விசிறு."

"அப்பா சொன்னதைக் கேட்டேன். செரின்னு சொல்லிடேன். என்னால உனக்கு..."

"விசிறுடீ!"

கோமதியின் விரல்கள் கரிந்ததை விலக்கி நல்லதைப் பொறுக்கின. சரியாக வறுபட்ட கொட்டை சின்னதாக வெடித்து, மினுமினுப்பு ஏறுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கணவனிடமிருந்து கடிதம் நின்றுபோன வருஷம், இரும்புச் சட்டியில் வறுத்து, கருக்கி, தெருவெல்லாம் இருமவைத்துக் கற்றுக்கொண்டாள். சாலை பஜாரில் ஒரு கொல்லன் உருளை அடித்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கு என்ன பொடி என்று அவளுக்கு அத்துப்படி. அக்ரஹாரத்துக்குச் சிக்கரி வாடையே ஆகாது. பீபெரிக் கொட்டையும் பிளாண்டேஷன் கொட்டையும் பாதிப் பாதி. கரமனையில் ஹோட்டல் வைத்திருக்கும் தங்கப்பனுக்கு நிறம்தான் முக்கியம். ராபஸ்டாவோடு சிக்கரி சேர்த்து, வடிதுணியில் வடித்து, பாலை உயரத் தூக்கி ஆற்றுவான். நர்ஸ் தாசம்மாள் கரகரப்பாய் அரைத்த பொடியைக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்துப் பாலில்லாமல் குடிப்பாள். அத்தனை பேர் குடித்த காப்பியில்தான் தாயும் மகளும் உயிர் வாழ்ந்தார்கள். அந்த உருளையை இன்றோடு நிறுத்த வேண்டுமாம்!

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கரமனையிலிருந்து சம்பந்தி சாம்பசிவன் வந்துவிட்டார். கல்யாணக் காப்பிக்கு எந்தப் பொடி என்று குடித்துப் பார்த்துச் சொல்ல வருவதாக முந்தின தினமே சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் குறையைப் பொறுப்பார்கள். காப்பியில் குறையைப் பொறுக்கமாட்டார்கள். அவருக்கென்று இறக்கிய டிகாக்ஷன்தான் பட்டாபியின் வயிற்றில் இருந்தது! மிச்சமிருந்தது அடியில் தங்கிய ஈரப்பொடி. இரண்டாம் டிகாக்ஷனைச் சம்பந்திக்குக் கொடுப்பதா? அதைவிட அவமரியாதை வேறில்லை.

பொறுக்கிய கொட்டையைக் கை மெஷினில் போட்டு அரைத்தாள். இன்னும் ஆறாத கொட்டை; வேறு வழியில்லை. ஃபில்டரில் பொடியை நிரப்பி மெல்ல அமுக்கி, தளதளவென்று கொதித்த நீரை ஊற்றி மூடினாள். டக்... டக்... கீழ்ப்பாத்திரத்தில் சொட்டு விழத் தொடங்கியது. அவள் அவசரம் அதற்குத் தெரியுமா? ஃபில்டரைத் தட்டினால் பொடி இறங்கிவிடும். காத்திருக்கத்தான் வேண்டும்.

கூடத்தில் பட்டாபியின் குரல் உயர்ந்தது.

"நான்தான் பொண்ணோட அப்பா. பட்டாபி. பம்பாய்லேந்து வரேன்."

"ஓ!" என்றார் சாம்பசிவன். அவ்வளவுதான். பட்டாபி விடவில்லை.

"கன்னிகாதானம் நான் பண்றதா முடிவாயிடுத்து. வந்ததும் வராததுமா முதல் டிகாக்ஷன் போட்டுக் கொடுத்து என்னை ஏத்துண்டாச்சு."

பாவி! ஒரு தம்ளர் காப்பியைச் சாட்சிக்கு இழுத்துவிட்டானே!

போதுமான டிகாக்ஷன் இறங்கியதும் கோமதி காப்பி கலந்து எடுத்துக்கொண்டு வந்தாள். டவராவையும் தம்ளரையும் சாம்பசிவன் முன்னால் வைத்தாள். அவர் கை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்கோ மாமா. குடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

நீண்ட கை அந்தரத்தில் நின்றது. ஒரு வீட்டுச் சம்பந்தத்தை முறித்துக்கொள்ள நினைப்பவர்கள் அங்கே கை நனைக்கமாட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்து போவார்கள். அது கோமதிக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

"இவர் எங்களை விட்டுட்டுப் போனதை உங்ககிட்ட நான் ஒளிக்கலை. இப்ப வந்து, தொழிலை விட்டு இவரைச் சேத்துண்டா தானத்துக்கு உக்காருவேன், இல்லேன்னா பந்தல்ல கலாட்டா பண்ணுவேங்கறார். நான் சேத்துக்கப் போறதில்லை. என் அண்ணாவும் மன்னியும்தான் உக்காருவா. காப்பி கொடுத்தது பழக்கதோஷம், தப்பு என்னோடது. இதெல்லாம் உங்களுக்குச் செரிப்படாதுன்னா இந்தக் காப்பியைத் தொடாதேங்கோ. நான் குத்தம் சொல்லமாட்டேன்."

"கோமு! வாயை மூடு!" பட்டாபி துள்ளி எழுந்தான். "பாத்தேளா ஓய், புருஷனை என்ன பேச்சு பேசறா!"

சாம்பசிவன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரை அடங்கியது. காப்பியின் மேல் பாலாடை படிந்தது. கதவுக்குப் பின்னால் பகவதி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாலாடைக்குக் கீழே ஒரு பெண்ணின் வாழ்வே ஆறிக்கொண்டிருந்தது!

கடைசியில் அவர் தம்ளரை எடுத்தார். டவராவில் ஊற்றி மறுபடி தம்ளருக்கு மாற்றினார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"சூடு பத்தலை. கொஞ்சம் கருகல் வாசனையும் இருக்கு. கல்யாணத்துக்குப் பீபெரி கூட்டிப் போடுங்கோ மாமி" என்றார். "உங்க அண்ணாவை வியாழக்கிழமையே வரச் சொல்லிடுங்கோ."

கோமதி காலித் தம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"ஓய், அப்ப நான் யாரு?" என்று கத்தினான் பட்டாபி.

"நீரா? விருந்தாளி. காப்பி ஆயிடுத்தோல்லியோ? எழுந்திரும். கரமனைக்கு சேர்ந்தே பஸ் ஏறலாம். பந்தல் காவலுக்கு எங்க தெருவுல என் தம்பிமார் மூணு பேர் இருக்கா; வெள்ளிக்கிழமை வரதா இருந்தா இன்னிக்கே உம்ம முகத்தை அவாளுக்குக் காட்டி வச்சுடறேன்."

பட்டாபியின் முகம் வெளுத்தது. பையை எடுத்துக்கொண்டான்.

அப்போது பகவதி வெளியே வந்தாள். யாரும் சொல்லாமலே இரண்டு பேரையும் சேர்த்து நமஸ்காரம் செய்தாள். எழுந்த மகளின் முகத்தைப் பட்டாபி பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பார்த்தான். அவன் வாய் ஏதோ சொல்ல வந்து கோணியது.

"தீர்க்க சுமங்கலியா இரு" என்றான். கோமதி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாம்பசிவன் அவன் தோளில் கை வைத்து அழைத்துப்போனார். படியில் இறங்கியவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கோமதி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.