வரிசையம்மாவின் மொழி

வானிலைக் கணிப்பு நிலையத்தில் அவளுக்கு வரிசையம்மா என்று பெயர். கேலிப்பெயர்தான். "ஒவ்வொரு எண்ணா எடுத்துக் கணக்குப் போடாதீங்க, வரிசை முழுசுக்கும் ஒரே கட்டளை கொடுங்க" என்று வாயைத் திறந்தால் அதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது.

சொன்னதில் தப்பில்லை. நிலையத்துக்கு வந்திருந்த புதுக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான செயலிகள், அதாவது பிராசஸர்கள். பழைய நிரலோ வரைபடத்தின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனது. ஒரு செயலி மாடாய் உழைக்க, மற்றவை கைகட்டி வேடிக்கை பார்த்தன. புயல் கரையைக் கடந்த பிறகுதான் எங்கே கடக்கும் என்ற கணிப்பு வரும்.

நிரல் எழுதுவதற்கென்றே அவள் சின்னதாக ஒரு மொழியே உருவாக்கினாள். அதில் எல்லாக் கட்டங்களும் சேர்ந்து ஒரே வரிசை. ஒருமுறை கணக்கிட்ட மதிப்பை யாரும் அழித்து எழுத முடியாது. ஆகவே ஒரு செயலி இன்னொன்றின் காலை மிதிக்காது. வேலையைப் பங்கு பிரிப்பதை மொழியே பார்த்துக்கொள்ளும். மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே எழுதி முடித்தாள். ஓடவிட்டுவிட்டு முகம் கழுவி வருவதற்குள் கணிப்பு தயாராக இருந்தது.

நிலையத் தலைவர் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு நீ வேலையை விட்டுட்டா இதை யாரும்மா படிப்பா?"

"நான் எங்க சார் போகப்போறேன்?"

"குழந்தைன்னு ஆயிடுச்சு. சொல்ல முடியாதும்மா."

மொழி கிடப்பில் விழுந்தது. அவள் எங்கும் போகவில்லை. பழைய நிரலுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். இடையில் வந்த புயல்களில் திரும்பாத படகுகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிப்பாள், மடித்து வைத்துவிடுவாள்.

மகள் கல்லூரிக்குப் போன வருஷம், தலைவர் ஒரு நிறுவனத்திடம் புதுமொழி வாங்கினார். பயிற்சி வகுப்பில் அவளுக்கு முதல் நாற்காலி.

"இதுல ஒவ்வொண்ணா போற வேலையே கிடையாது மேடம். வரிசை முழுசுக்கும் ஒரே கட்டளை. புரியுதா?" என்றார் பயிற்சியாளர்.

"புரியுது."

வெளியே தலைவரை மடக்கினாள். "சார், இதைத்தானே நான் அன்னைக்கே..."

"அது உன் மொழிம்மா. இதுக்குப் பின்னால ஒரு கம்பெனி நிக்குது."

"எனக்குப் பின்னால நீங்க நின்னிருக்கலாமே சார்."

லிஃப்ட் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

கோபத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். படகுக்காரர்கள் மேல் அவளுக்கு என்ன கோபம்? பழைய கணிப்பு நிரல் முழுவதையும் புதுமொழிக்கு அவளே மாற்றிக் கொடுத்தாள். அடுத்த புயலுக்கு முந்தின நாளே கணிப்பு வந்தது. கரையோர ஜனங்கள் பிழைத்தார்கள். டி.வி.யில் தலைவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"உன் பேரைச் சொன்னாரா?" என்றார் கணவர்.

"அதை அணைச்சுட்டு வாங்க. சாப்பாடு ஆறுது."