கொழுந்துச் சாக்கும் ஒரு தோள்பட்டையும்

பெரிய மிஸ் ஒரு தோளைப் பரிசோதிக்கும்போது கண்களை மூடிக்கொள்வார். நோயாளியின் முழங்கையை ஒரு கையில் ஏந்தி, மற்றக் கையைத் தோள்மேல் வைத்து, மெல்ல உயர்த்துவார். கை ஓரிடத்தில் நிற்கும். எலும்பு இடித்து நிற்கிறதா, சவ்வு இறுகி நிற்கிறதா, வலிக்குப் பயந்து தசை தடுக்கிறதா என்பதை அவருடைய விரல்கள் பிரித்தறியும். அந்த நேரத்தில் அவர் முகம், அடுத்த அறையில் யாரோ பேசுவதை உற்றுக் கேட்பவரின் முகம்போல இருக்கும்.

கண்டிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றின் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நோயாளர்கள் அவரைப் பெரிய மிஸ் என்றும் என்னைச் சின்ன மிஸ் என்றும் அழைத்தார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். என் வெள்ளைச் சீருடையைத் துவைக்க வேறு யாரையும் விட்டதில்லை.

தூரத்து நோயாளர்களை வீடியோ அழைப்பில் பார்க்கலாம் என்ற யோசனை வந்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெரிய மிஸ் மறுத்தார். “தொடாமல் என்னெண்டு பாக்கிறது, பிள்ளை? கண்ணுக்கு எல்லாத் தோளும் ஒண்டுதான். பிழையாய் இழுத்தால் நோகிறது ஆருக்கு?” போனைப் பழகப் பயப்படுகிறார் என்றே நினைத்தேன். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போதுதான் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் சிகிச்சைக்கு வருவதை நிறுத்தினார். வலது தோள் இறுகி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டக் கை உயராத நிலை. நான் போனில் அழைத்துக் கேட்டேன். “மலையிறங்கி பஸ் ஏறி வந்தா ஒரு நாள் போயிருது, சின்ன மிஸ். சரியாகலன்னா தோட்டத்துல பேரை வெட்டிக்கிட்டு வீட்ல இருக்க வேண்டியதுதான்.” இதைச் சொன்னதும் பெரிய மிஸ் அலுமாரியிலிருந்து அக்காவின் சிகிச்சை அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு, “சரி, எடு பாப்பம்” என்றார்.

தோட்டத்தில் கோயில் படியில் மட்டுந்தான் சிக்னல். ஆகவே அக்காவுக்குப் பின்னால் பாதி லயம் கூடியிருந்தது. பெரிய மிஸ் என் தோளைப் பிடித்துக் காட்ட, அங்கே அக்காவின் கணவர் அப்படியே செய்ய வேண்டும். மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். “புடிங்க, தாலி கட்டுனப்ப புடிச்ச கைதானே” என்றார் அக்கா. கூட்டம் சிரித்தது.

“இனிக் கண்ணை மூடுங்கோ. கை நிக்கிற இடத்தில கல்லு மாதிரி இருக்கோ, ரப்பர் மாதிரி விடுதோ?” என்று பெரிய மிஸ் கேட்டார்.

கணவர் கண்ணை மூடி, அக்காவின் கையை மெல்ல உயர்த்தினார். “ரெண்டும் இல்லீங்க மிஸ். கொழுந்து சாக்க அமுக்குறப்ப, இன்னும் ரெண்டு புடி எறங்கும்னு கை சொல்லும்ல, அது மாதிரி.”

பெரிய மிஸ் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தச் சாக்கு தெரியும்; கொழுந்து பறித்த என் அம்மா அதை அமுக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நிறைந்தது போலத் தெரியும். அமுக்கினால் மெல்ல இடம் கொடுக்கும். அதைப் பெரிய மிஸ்ஸுக்கு விளக்கிச் சொன்னேன். “அப்ப சவ்வுதான். இன்னும் போகலாம்” என்றார். அவர் குரலில் பயம் போயிருந்தது.

வாரந்தோறும் அழைத்தோம். ஒருநாள் கணவர் முறைப்பாட்டோடு திரைக்கு வந்தார்: “இவ இப்ப என்னையத் தொடவே விட மாட்டேங்குறா, மிஸ். தானே தூக்கிக்கிறாளாம்.” அவருக்குப் பின்னால் அக்கா கயிற்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார்.

இப்போது பெரிய மிஸ் இடமாற்றம் பெற்று ஊரோடு போய்விட்டார். வியாழக்கிழமைகளில் அந்த அழைப்புகளை நான் எடுக்கிறேன். அவர் உடனே தலையாட்டியிருந்தால், திரையில் நாலு பயிற்சியைக் காட்டிவிட்டுத் திருப்தியாக இருந்திருப்பேன். அந்த மறுப்புக்கும் சேர்த்துத்தான் அவருக்கு நன்றி சொல்கிறேன். அக்காவின் அட்டை இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. மூட்டு எப்படி நிற்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில், ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே, பெரிய மிஸ்ஸின் கையெழுத்தில் தமிழில் இருக்கிறது: “கொழுந்துச் சாக்கு. இன்னும் இரண்டு பிடி இறங்கும்.” என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருடைய கைக்குத் தெரிந்த ஒன்று அங்கே மருத்துவக் குறிப்பாக நிற்கிறது.